அவைக்குப் பிடிக்காது என்று யார் சொன்னது?

"காசு குடுத்து ரெண்ட்டுக்குள்ள படுக்கிறதோ? எங்களுக்கு அது சும்மாவே கிடைச்சது."

போன ஓகஸ்ட்டில் லொய்கர்பாட் போவோம், கம்பிங் செய்வோம், சுடுதண்ணியில் குளிப்போம் என்று நான் சொன்னதற்கு அம்மாவின் பதில் இது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து ரிவியின் சத்தத்தைக் கூட்டினார். தம்பி என்னைப் பார்த்து, "நான் சொன்னேன்தானே" என்பது போலத் தலையாட்டினான்.

எங்கள் வயதில் சுவிஸில் வளர்ந்தவர்களுக்கு லொய்கர்பாட் புது இடமில்லை. வாலிஸ் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றர் உயரத்தில், கெம்மி மலைச்சுவருக்குக் கீழே இருக்கும் சின்ன ஊர். ரயிலில் லொய்க் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் வளைந்து வளைந்து ஏற வேண்டும். நிலத்திலிருந்து 51 பாகை சூட்டில் தண்ணீர் வருகிறது, நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 39 இலட்சம் லீற்றர். நான் நண்பர்களோடு இரண்டு தரம் போயிருக்கிறேன். பனி கொட்டும்போது கழுத்து வரை சுடுதண்ணிக்குள் இருந்து எடுத்த படம் இன்னும் என் போனில் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டு தரமும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நண்பி கேட்டபோது, "அவைக்கு உதெல்லாம் பிடிக்காது" என்று சொன்னேன். நீங்களும் எங்கேயாவது இதைச் சொல்லியிருப்பீர்கள். எவ்வளவு வசதியான வசனம்!

இந்த முறை விடாமல் கரைச்சல் கொடுத்து நால்வருமாகப் போனோம். கம்பிங் தளம் ஊரிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஹோட்டல் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. அம்மா புட்டுப்பானை, சம்பல், சின்ன காஸ் அடுப்பு, ஒரு கிழமைக்குப் போதுமான அரிசிமா எல்லாம் கட்டியிருந்தார். இரண்டு இரவுக்குத்தான் போகிறோம் என்பதை அவர் நம்பவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் ஒல்லாந்துக் குடும்பம் ஒன்று. (எந்தக் கம்பிங்குக்குப் போனாலும் பக்கத்தில் ஒல்லாந்துக்காரர் இருப்பார்கள்.) அம்மா அவர்களுக்கும் புட்டுக் கொடுத்தார். அதுவரை எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது.

இரவு மழை பெய்தது. ஒரு மணிபோல எனக்கு முழிப்பு வந்தபோது அம்மா படுக்கையில் இல்லை. கூடார வாசலில் ஜக்கெற்றைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தார். குளிருதா என்று கேட்டேன். "இல்லை. இந்தச் சத்தம் தறப்பாளில விழுற மாதிரியே கிடக்கு" என்றார்.

1990இல் அம்மாவின் குடும்பம் திருகோணமலையிலிருந்து இடம்பெயர்ந்தது. அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. தறப்பாள் கொட்டிலில் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதை அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகச் சொல்வார், அதனால் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கதை எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையையும், இணையத்தில் தள்ளுபடியில் நான் வாங்கிய பச்சைக் கூடாரத்தையும் என் மூளை ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. தமிழில் எல்லாவற்றுக்கும் 'முகாம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது, சாரணர் முகாமுக்கும் அகதி முகாமுக்கும். வீட்டில் அம்மா அந்தப் பதிலைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவர் பகிடி விடவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர்கள் இருவருக்கும் ஊருக்குள் ஓர் அறை எடுத்தோம். சாதாரண அறை. நானும் தம்பியும் கூடாரத்தில் இருந்தோம். இதை நான் முதலே செய்திருக்க வேண்டும்.

சுடுதண்ணியும் அம்மாவுக்கு வேறு அர்த்தம். திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா இருக்கிறது, ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. அங்கே யாரும் இறங்கி ஊறுவதில்லை. வாளியால் அள்ளி, உடுத்திருக்கும் உடுப்போடேயே தலையில் ஊற்றுவார்கள். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிக்க அந்தத் தண்ணியை வரவழைத்தான் என்பது கதை. அதனால் இறந்தவர்களின் காரியத்துக்கும் அங்கே போவார்கள். அம்மா கடைசியாகக் கன்னியாவில் குளித்தது அம்மப்பாவின் அந்தியேட்டிக்கு. அவரிடம் போய் நான் 'சுடுதண்ணி, ஜாலி' என்று சொல்லியிருக்கிறேன்.

இனி உடுப்புப் பிரச்சினை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு வேறொரு மாநிலத்தில், பெயர் வேண்டாம், ஒரு குளிப்பகத்தில் அம்மா ரீசேட்டும் லெகின்ஸும் போட்டுக்கொண்டு தண்ணிக்குள் இறங்கப்போனார். விசில் ஊதி, எல்லோர் முன்னாலும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது என்ற விதியில் நியாயம் இருக்கிறது: அது வியர்வையையும் அழுக்கையும் கொண்டுவரும், நூல் விட்டு வடிகட்டியை அடைக்கும். நான் குறை சொல்வது விதியையல்ல, அந்த விசிலை. அம்மா அன்றைக்கு முழுவதும் துவாயைப் போர்த்தியபடி ஒரு வாங்கில் இருந்தார். நாங்கள் குளித்தோம். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் 'அம்மாவுக்குக் குளியல் பிடிக்காது' என்பது உண்மையாகிப் போனது.

ஆனால் 'இங்கே குளிப்பதென்றால் இப்படித்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாசல் கலை அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் பொக் 1597இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. லொய்க் குளிப்பிடத்தைக் காட்டுவதாகக் கருதப்படும் படம். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய அம்மணமாகத் தண்ணிக்குள் இருக்கிறார்கள், நடுவில் சாப்பாட்டு மேசை. 19ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் எல்லோரும் நீண்ட கம்பளி அங்கி போட்டுக்கொண்டு மணிக்கணக்காக ஊறினார்கள். 1880இல் வந்த தன் பயண நூலில் மார்க் ட்வெய்ன் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், மிதக்கும் மேசையில் சாப்பிட்டு, வாசித்து, சதுரங்கம் ஆடியதாக. அதாவது, என் அம்மா 150 வருடம் முந்தி வந்திருந்தால் அவரைப் பார்த்து யாரும் விசில் ஊதியிருக்க மாட்டார்கள்.

இந்த முறை நீச்சல் துணியில் தைத்த முழுக்கைச் சட்டையும் முழங்கால் வரை காற்சட்டையும் வாங்கினோம். போகும் முன் விதியைக் கேட்டு உறுதிப்படுத்தினோம். இரண்டு நிமிட வேலை. அம்மா படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதலில் கையால் அள்ளித் தலையில் மூன்று தரம் ஊற்றினார். பிறகுதான் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா கடைசியாக வந்தார். எனக்கு இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். அப்பா 90களில் ஒரு மலையூர் ஹோட்டலில் நான்கு வருடம் பாத்திரம் கழுவினார். அங்கேயும் சுடுதண்ணித் தடாகம் இருந்தது. வேலைக்காரருக்குப் பின்பக்கக் கதவு. தடாகத்திலிருந்து வருகிற ஆவி சமையலறை யன்னலில் படியுமாம், அதைத் துடைப்பதும் அவருடைய வேலை. நான்கு வருடத்தில் ஒருநாளும் அந்தத் தண்ணியில் கால் வைக்கவில்லை. இதை அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை. தடாகத்தின் ஓரத்தில் நின்று சுற்றிவரப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தால இப்பதான் வாறன்" என்றார். அப்போதுதான் கேட்டறிந்தேன்.

அந்தச் சுற்றிப் பார்த்தலுக்கு லொய்கர்பாட்டில் ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. 1951இல் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின், நண்பர் ஒருவரின் குடும்ப வீடு அங்கே இருந்ததால், இந்த ஊருக்கு வந்தார். அந்தக் குளிர்காலத்தில் இங்கேயிருந்துதான் தன் முதல் நாவலை எழுதி முடித்தார். அதற்கு முன் ஊரவர் கறுப்பு மனிதரைக் கண்டதில்லையாம். பிள்ளைகள் தெருவில் அவரைப் பார்த்துக் கத்தியதையும், அவருடைய தலைமயிரைத் தொட்டுப் பார்த்ததையும் 1953இல் வெளியான 'ஸ்ரேஞ்சர் இன் த வில்லேஜ்' என்ற கட்டுரையில் எழுதினார். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் வாசித்தேன். எங்களை அங்கே யாரும் அப்படிப் பார்க்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எங்காவது நுழையும் முன் ஒரு கணம் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் அப்பாவுக்கு இருக்கிறது. எனக்கு அது இல்லை. எனக்கு இல்லாததற்கு விலை கொடுத்தவர் அவர்தான்.

பத்து நிமிடத்தில் அப்பா ஒரு வாலிஸ் கிழவரோடு முழங்கால் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு இரண்டு முழங்காலும் சத்திரசிகிச்சை செய்ததாம், அப்பாவுக்கு ஒன்று. வாலிஸ் ஜேர்மன் எனக்கே பாதிதான் விளங்கும். அப்பாவின் சமையலறை ஜேர்மனும் அந்தக் கிழவரின் பேச்சும் எப்படியோ பொருந்திப்போயின. மழையும் பனியும் மலைக்குள் இறங்கி, ஆழத்தில் சூடேறித் திரும்பி வரச் சுமார் 40 வருடம் எடுக்கும் என்று அவர்தான் சொன்னார். அப்பா உடனே கணக்குப் பார்த்து, "அப்ப இது நான் வாறதுக்கும் கொஞ்சம் முந்தின மழை" என்றார்.

சரி, என் கருத்துக்கு வருகிறேன். இந்தச் சுடுதண்ணி ஊர்கள் செல்பிக்காக உண்டானவை அல்ல. மூட்டு வலிக்காரர், வாதக்காரர், உடம்பு தேய்ந்தவர்கள் நூற்றாண்டுகளாகத் தேடிப் போன இடங்கள். இன்றைக்கு நம் குடும்பங்களில் உடம்பு தேய்ந்தவர்கள் யார்? முப்பது வருடம் சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் நின்று வேலை செய்தவர்கள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு இருபத்து நான்கு வயதில் நான் போய் ஊறுவது குற்றமில்லை, ஆனால் 'அவைக்குப் பிடிக்காது' என்று அதற்குக் காரணம் சொல்வது பொய். எங்கள் வீட்டில் அந்த ஒரு வசனத்துக்குக் கீழே ஒரு தறப்பாள், ஓர் அந்தியேட்டி, ஒரு விசில், ஒரு பின்கதவு இருந்தன. உங்கள் வீட்டில் வேறு ஏதாவது இருக்கும். கேட்டுப் பார்த்தீர்களா?

கூட்டிக்கொண்டு போவதானால் சில விஷயம். கூடாரம் வேண்டுமா என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதிலை நம்புங்கள். பிரஷர், இருதய வருத்தம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். தண்ணிக்குள் ஒரே மூச்சில் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க விடாதீர்கள், வெளியே வந்து தண்ணீர் குடித்து இளைப்பாறட்டும். காலையில் போனால் சனம் குறைவு. தாலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊற்றுகளைப் பார்க்கப் பாறையோடு இரும்பு நடைபாலம் இருக்கிறது, அதுவும் நல்லது. ஆனால் முழங்கால் வலிக்காரரைப் படியேற்றி உயிரை வாங்காதீர்கள். நான் வாங்கினேன்.

அப்பாவின் முழங்கால் வலி இரண்டு நாள் இல்லை, மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது. டிசம்பருக்கு எப்போது பஸ் இருக்கிறது என்று அவரே பார்த்து வைத்திருக்கிறார். பனிக்குள் இருக்க வேண்டுமாம், என் படத்தில் இருக்கிற மாதிரி. அம்மா சித்தியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறார். சித்திக்கும் ஒரு முழுக்கைச் சட்டை வாங்கி வைத்திருக்கிறோம். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.