வாளும் எழுதுகோலும்

மாணவரை விளையாடுவோர் எனவும் படிப்போர் எனவும் இருகூறாக்கி நோக்குவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். மைதானத்திற் புகழ்பெற்றவனிடம் சொல்வன்மையை எதிர்பார்ப்பாரிலர். ஏட்டில் மூழ்கியவனிடம் உடல்வன்மையைக் கேட்பாருமிலர். இப்பாகுபாடு பிழையென்பது என் துணிபு. அதனை நிறுவுதற்கு யப்பானிய வாள்வீரர் மியாமோதோ முசாசியின் வரலாறே சாலும்.

1584ஆம் ஆண்டளவிற் பிறந்த இவர், பதின்மூன்றாம் வயதில் முதற் போட்டியில் வென்றார். முப்பது வயது நிரம்புமுன் அறுபதுக்கு மேற்பட்ட போட்டிகளிற் பொருதும் ஒன்றிலேனும் தோற்றிலர். இவை அவரே எழுதிவைத்த செய்திகள். பிறரெனின் அப்புகழிலேயே காலங் கழித்திருப்பர். முசாசியோ முப்பது கடந்தபின் தம் வெற்றிகளைத் திரும்பி நோக்கி, 'இவை கலைமுதிர்ச்சியின் பயனோ, எதிரிகளின் குறைபாட்டின் பயனோ' என ஐயுற்றார். ஐம்பது வயதளவிலேதான் தெளிவு பிறந்தது. இடையே தூரிகையும் கைவந்தது. வாடிய கிளையின் உச்சியிலே தனித்திருக்கும் பறவையை அவர் தீட்டிய ஓவியம் இன்றும் போற்றப்படுகின்றது.

1643இல், அறுபது வயதளவில், குமமோதோ நகருக்கு அணித்தான ரெய்கண்டோ குகையை அடைந்து நூலெழுதத் தொடங்கினார். நிலம், நீர், தீ, காற்று, வெளி என ஐந்து பகுதிகளாக அமைந்தது அந்நூல். ஐம்பூதங்களை அறிந்த நமக்கு இவ்வைப்புமுறை புதிதன்று. பழைய சாத்திரச் சொற்களை இரவல் வாங்காது, தாம் கண்டதையே எழுதினார். 1645இல் நூலைத் தம் மாணாக்கரிடம் ஒப்புவித்து, அவ்வாண்டிலேயே மறைந்தார்.

கொலைத்தொழிலை யான் போற்றுகின்றேனல்லேன். அந்நூலில் வரும் தச்சன் உவமையே என் நெஞ்சைத் தைத்தது. கணுவற்ற நேர்மரம் முன்தூணாகும். சிறிது கணுவுள்ளது பின்தூணாகும். வலிகுன்றினும் அழகுடையது கதவாகும். மிக நலிந்ததும் சாரமாக உதவும். நல்ல தச்சன் எம்மரத்தையும் வீணே கழித்தெறியான் என்பது அதன் கருத்து.

யான் அத்தகைய தச்சனாக இருந்திலேன். பல்லாண்டுகளுக்கு முன் உதைபந்தாட்டத்திற் சிறந்த மாணவனொருவன், தான் ஆடிய ஆட்டமொன்றைப் பற்றி எழுதிய கட்டுரையைத் திருத்தித் தருமாறு வந்து நின்றான். ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தன. "தம்பி, உனக்கு மைதானமே போதும்" என்று கூறித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் அவன் எதனையும் எழுதிக்கொண்டு என்னிடம் வந்திலன். பந்து காலில் தங்கும் அக்கணத்தில் ஆட்டக்காரன் உள்ளத்தில் நிகழ்வதை அவன் அறிவான். இலக்கணமறிந்த யான் அறியேன். ஒற்றுப்பிழையைத் திருத்தக் கால்மணி நேரம் போதும். அவன் எழுதாது விட்டதை வேறெவர் எழுதுவார்?

ஆதலின் ஆசிரியத் தோழர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். இனிவரும் மலர்களில் ஆட்டமுடிவுகளை எண்ணிக்கையாக மட்டும் பதிப்பித்து அமையாது, ஆடியவரையே எழுதச் செய்க. பிழை திருத்தும் பணியை யான் மகிழ்வுடன் ஏற்பேன். அன்று திருத்தாது விட்ட தாளுக்கு அதுவே யான் செய்யத்தக்க கழுவாய்.