தையல் ஒன்று, படகு வேறு

வீட்டு முற்றத்தில் பலகைகளைத் தைத்து ஒட்டி மேலைநாட்டார் கட்டும் சிறு மரப்படகு நம் கடற்கரையிலிருந்து கடன் போனது என்னும் பெருமிதம் சான்றின்றி உலவுகிறது. ஆதாரம் கேட்டால் மசூலா, சலங்கு என்றெல்லாம் அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரைப் படகைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் தையல் உண்டாம். ஆகவே மூலம் ஒன்றாம். ஒலி ஒத்திருந்தாலே சொற்கள் உறவு என்று முடிவுகட்டுவதை முதலாண்டு மொழியியல் மாணவர்கூட ஏற்கமாட்டார். படகு என்றதும் அந்த நெறி ஏன் தளர்கிறது?

1963இல் பிரிட்டனில் ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவோடு வந்த ‘மிரர்’ படகையே எடுத்துக்கொள்ளலாம். ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னலும் வடிவமைத்தது. நீளம் சுமார் 3.3 மீட்டர். அளவாக வெட்டிய ஒட்டுப்பலகைகள் கட்டாக வரும். விளிம்பில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டினால் தட்டைப் பலகைகள் வளைந்து படகாகும். பின்னர் மூட்டுகளின்மேல் கண்ணாடியிழை நாடாவும் பிசினும். பிசின் இறுகியதும், வெளியே துருத்தும் கம்பியை வெட்டி எறியலாம். அங்கே தையல் வெறும் சாரம். மசூலாவிலோ தையலே கட்டடம். உள்ளே சட்டங்கள் இல்லாத அதன் பலகைகளைப் படகு உள்ளளவும் பிடித்திருப்பது தென்னங்கயிறு. அலை மோதும்போது அது நெளிந்துகொடுத்தது அதனால்தான். துறைமுகம் அமையுமுன் சென்னைக் கரையில் கப்பல் பயணிகளை இறக்கியதும் அந்த நெளிவே. மிரருக்கு வேண்டியது விறைப்பு.

கட்டுமரத்திலும் இதே மயக்கம். ஆங்கிலத்துக்குப் போன சொல் தமிழ்தான், ஐயமில்லை. ஆனால் அங்கே அது இன்று குறிக்கும் இரட்டையுடல் படகின் மரபு பசிபிக் தீவுகளுடையது. நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. சொல் போன இடத்துக்கெல்லாம் பொருளும் போயிற்று என்று யார் சொன்னது?

மிரர் படகுகள் 70,000க்கும் மேல் கட்டப்பட்டன. தச்சு அறியாதவரும் கட்டினர்; அறிவு பலகையின் வெட்டிலும் கையேட்டின் வரிசையிலும் இருந்தது. மசூலாவின் அறிவு தைத்தவர் கைகளில் இருந்தது. கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் அக்கைகளுக்கு வேலை குறைந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதியது 1920இல். நூறாண்டு கழிந்தும் அவரையே காட்டிப் பெருமை பேசுவோரில் எத்தனை பேர் கரைக்குப் போய், துளைக்குத் துளை இடைவெளி என்ன, தையலின் கீழ் எதை வைத்து நீரை அடைத்தீர்கள், ஒவ்வொரு படிக்கும் உங்கள் வாய்ச்சொல் என்ன என்று ஒரு முதியவரிடம் கேட்டிருக்கிறார்கள்?