கொசுறு மல்லியும் டியூப்லைட் தோட்டமும்

போன கார்த்திகையில அக்கா மக சென்னையிலேர்ந்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. நாலாவது மாடி ஃபிளாட். ஹால்ல புத்தக அலமாரி, அதுல கத்தரிப்பூ கலர்ல ஒரு விளக்கு, அதுக்கடியில பிளாஸ்டிக் டப்பாவுல கொத்தமல்லி. "மாமா, இது ஏன் நூல் மாதிரி நீண்டு நீண்டு சாயுது?"

வெளிச்சம் பத்தலை, அவ்வளவுதான். எங்க காட்டுல உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். ஃபிளாட் ஹால்ல பட்டப்பகல்ல அளந்தாலும் சில நூறுதான் தேறும். நம்ம கண்ணு ரெண்டுக்கும் பழகிக்கும், செடி பழகாது. வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும்.

மொட்டைமாடி இருக்கிறவங்களுக்கு இந்தக் கவலை இல்லை. 2013-14லயே சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித்தோட்டத்துக்கு அரசு மானியம் கொடுத்தது. பால்கனிகூட இல்லாதவங்களுக்குத்தான் விளக்கு வேணும். அதுக்குக் கத்தரிப்பூ கலர் கட்டாயமில்லை. இலை சிவப்பையும் நீலத்தையும் அதிகமா எடுத்துக்கிறதால அப்படிச் செய்யறாங்க. சாதாரண வெள்ளை எல்.இ.டி.யிலயும் அந்த ரெண்டும் இருக்கு. தெருமுனைக் கடையில கிடைக்கிற 20 வாட் டியூப்லைட்டே போதும். கோளாறு தூரத்துல. அவ செடிக்கு மூணு அடி மேல மாட்டியிருந்தா. டியூப்லைட்டா மாத்தி, இலைக்கு மேல ஒரு சாண் உயரத்துக்கு இறக்கச் சொன்னேன். செடி வளர வளர விளக்கையும் ஏத்திக்கணும்.

விளக்கு போட்டுப் பயிரை ஏமாத்தறது புதுசில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் செவ்வந்தித் தோட்டத்துல ராத்திரி வரிசையா பல்பு எரியும். ராத்திரி நீண்டா செவ்வந்தி பூத்துடும், அதைத் தள்ளிப்போடத்தான் அந்த வெளிச்சம். மல்லி நேர்மாறு. பகல் நீண்டா பூவெடுத்து விதைக்குப் போயிடும். இவளோ ராப்பகலா எரியவிட்டிருக்கா! 12 மணி நேரம் போதும்னேன். தனியாவையும் முழுசாப் போட்டிருக்கா. தேய்ச்சு ரெண்டா உடைச்சுப் போடணும், ஒவ்வொரு பாதியிலயும் ஒரு விதை இருக்கு.

முதல்தடவை செய்யறவங்க புதினாவுல ஆரம்பிங்க. கடைக்கட்டுல முத்தின தண்டு நாலை ஊனினா வேர் பிடிச்சுக்கும். ரோஸ்மேரி விதையெல்லாம் வேண்டாம், முளைக்கிறதுக்குள்ள பொறுமை போயிடும்.

கரண்ட் ரெண்டு மாசத்துக்கு 15 யூனிட்டுக்குள்ளதான் ஆகும். வீட்டு மீட்டருக்கும் முதல் 100 யூனிட் இலவசம்தானே. (விவசாயிக்கு மட்டும் ஓசிக் கரண்ட்னு அடுத்த தடவை சொல்லும்போது ஞாபகம் வச்சுக்குங்க.)

இப்ப என் வழக்குக்கு வர்றேன். மல்லித்தழையை நீங்க காசு கொடுத்து வாங்கினதா ஞாபகம் இருக்கா? காயெல்லாம் வாங்கிட்டு, "கொஞ்சம் மல்லி, கறிவேப்பிலை போடுப்பா"ன்னு பையை நீட்டறதுதானே வழக்கம்? கடைக்காரருக்கு அது ஓசியில வரலை. எங்ககிட்ட அடிச்சுப் பேசி வாங்கினது. இங்க செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு, விலை வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். மல்லித்தழைக்கு ஏது பட்டறை? விடியக்காலம் பிடுங்கினா மத்தியானத்துக்குள்ள வித்தாகணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரம்பலூர், அரியலூர் ரெண்டு சந்தையிலயும் விசாரிச்சேன். வண்டி வாடகைகூடத் தேறாதுன்னு தெரிஞ்சு கால் ஏக்கர் மல்லியை ஆட்டை விட்டு மேயவிட்டேன்.

வீட்டுக்கு வீடு இப்படி வளர்த்தா உங்க பொழப்பு கெடாதான்னு கேக்கறாங்க. ஒரு டப்பா மல்லி ஒரு நாள் ரசத்துக்குக் காணும். அதுல எங்க கெடப்போகுது? நான் வளர்க்கச் சொல்றதே வேற காரணத்துக்கு.

பொங்கலுக்கு அறுத்தா. போன் பண்ணி, "எடை போட்டேன் மாமா, 45 கிராம். டியூப்லைட், தென்னைநார்க் கழிவு எல்லாம் சேர்த்து 900 ரூபா ஆச்சு"ன்னா. நான் சிரிச்சேன், அவ சிரிக்கலை. இப்பல்லாம் காய்கறிக் கடையில மல்லிக்குத் தனியாக் காசு கொடுக்கறாளாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறாராம்.