இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை: இது ஆற்ற அறிவு?

"இறைச்சிக்குச் சிவப்பு வைன், மீனுக்கு வெள்ளை வைன்." படங்களில் பணக்காரர் சாப்பாட்டு மேசையில் இருந்து இப்படித்தான் கதைப்பினம். கரண்டி பிடிக்கிற முறைபோல இதுவும் மேட்டுக்குடிப் பழக்கம் எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். நான் வைன் குடிக்கிற ஆளும் இல்லை. ஆனால் பிரியோராட் என்ற ஊரைப் பற்றி வாசிச்ச பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது.

பிரியோராட், ஸ்பெயினின் கற்றலோனியாவில், தரகோனா மாகாணத்தில் இருக்கிற மலைப்பகுதி. அங்க மண் எண்டு சொல்ல பெரிசா ஒண்டும் இல்லை. உடைஞ்ச கறுப்புச் சிலேட்டுக் கல்லுத்தான். அதை லிகொரெல்லா என்பினம். தண்ணி தேடி, கல் வெடிப்புகளுக்குள்ளால திராட்சைக்கொடி வேரை ஆழமாக இறக்கும். சில பழைய கொடிகள் ஒரு கிலோ பழம்கூடத் தராது. சரிவு செங்குத்து என்பதால் பல இடங்களில் கையாலதான் வேலை. பழம் குறைவு, சாறு செறிவு. வெயிலில் சீனி ஏறும், சீனி ஏற மதுசாரமும் ஏறும். 15 வீதம் அங்க சாதாரணம். இந்த வைனின் "பலம்" எண்டு விமர்சகர்கள் புகழுறது, உண்மையில் அந்த நிலத்தின் வறுமையைத்தான்.

12ஆம் நூற்றாண்டில் ஸ்காலா டேய் மடத்துத் துறவிகள் அங்க கொடி வளர்த்தார்கள். 1835இல் அரசு மடங்களின் சொத்தைப் பறித்தது. அந்த நூற்றாண்டு முடியிறதுக்குள்ள வேரை அழிக்கும் பைலொக்சரா பூச்சி வந்தது. தோட்டங்கள் அழிய, சனம் நகரங்களுக்கு வெளிக்கிட்டது. மிஞ்சினவை கொஞ்சம். கர்னாச்சா, கரிஞேனா எண்ட இரண்டு இனங்களையும் விடாமல் பார்த்தது அங்கேயே நிண்ட விவசாயிகள்தான். 1989இல் கிரட்டலொப்ஸ் கிராமத்தில் ரெனே பார்பியே, அல்வாரோ பலாசியோஸ் போன்றோர் சேர்ந்து செய்த வைன்தான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இண்டைக்கு சில போத்தல்கள் நூற்றுக்கணக்கான யூரோ.

இனி சாப்பாடு. கொடிக்குச்சி நெருப்பில் வாட்டின ஆட்டிறைச்சி, மெல்லிய தீயில் கனநேரம் வெந்த காட்டுப்பன்றி, முற்றின ஆட்டுப்பால் சீஸ். இவைதான் இந்த வைனுக்குப் பொருத்தம். காரணம் எங்கட அடுப்படியிலயே இருக்கு. கடும் சாயத் தேத்தண்ணி நாக்கை வறட்டும். பால் விட்டால் துவர்ப்பு அடங்கும். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடிச்சு வைக்கிறதுதான் அதுக்குக் காரணம். சிவப்பு வைனின் துவர்ப்பையும் இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அப்படித்தான் தணிக்கும். மெல்லிய மீனோடு குடிச்சால் வாயில் இரும்புச் சுவை வரலாம். எங்கட உறைப்புக் கறியும் சரிவராது. மதுசாரம் மிளகாயின் எரிவைக் கூட்டும்.

இதில பணக்காரத்தனம் எங்க இருக்கு? ஆடு மேய்ந்த மலையிலேயே கொடியும் வளர்ந்தது. வெட்டின கொடிக்குச்சியே விறகு. மலையில் பாடுபட்டவர்கள் பக்கத்தில இருந்ததைச் சேர்த்துச் சாப்பிட்டார்கள், அது பொருந்தியது. பிறகு அந்தப் பொருத்தத்தை விலையுயர்ந்த உணவகங்கள் எடுத்து, தெரியாதவனை வெட்கப்படுத்தும் விதியாக மாற்றின. என்னுடைய கோபம் அதிலதான்.

வைனைக் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. பெயர் தெரியாத விவசாயியின் அறிவை, விலை ஏறின பிறகு மட்டும் "ரசனை" எண்டு கும்பிடுற பழக்கம் எங்களிட்டயும் இருக்கு. அடுத்த முறை யாரும் வைன் தெரியாது எண்டு உங்களைக் குறைச்சுப் பார்த்தால், அந்தச் சிலேட்டுச் சரிவில் பழம் பிடுங்கிற ஆளைப் பற்றி ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.