அடையில் இருக்கும் பாம்பு

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைத் தினமும் பார்க்கிற திருவொற்றியூர்க்காரர்களுக்கு, ஒரு சாலை வேலை இழுத்துக்கொண்டே போனால் என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் 2022இல் கேரளத்தின் காசர்கோட்டில் நடந்ததை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலை 66ஐ அகலப்படுத்தத் தோண்டிய இடத்தில் ஒரு பொந்து. உள்ளே முட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஒரு மலைப்பாம்பு. வனத்துறை கேட்டுக்கொண்டதும், வேலையை எடுத்திருந்த ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அந்த இடத்தில் மட்டும் மண்வெட்டியைக் கீழே வைத்தது. 54 நாள். 24 முட்டை. ஓடு விரியத் தொடங்கிய பிறகே முட்டைகளை வெளியே எடுத்தார்கள். குஞ்சுகள் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

முட்டையை எடுத்து இன்குபேட்டரில் வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் தாய் செய்கிற வேலை சாதாரணமானதல்ல. ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைக் குவியலைச் சுருளுக்குள் மூடி, தலையை மேலே வைத்துக்கொள்கிறது. சூடு ஏறத்தாழ 33 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தசைகளை வெடுக்வெடுக்கென்று இழுத்து உடம்பைச் சூடாக்குகிறது. குளிர் கூடக் கூட அந்த உதறலும் கூடும். 1832இல் லாமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி இதைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1841இல் வலென்சியன் என்ற விலங்கியலாளர் பாரிஸிலேயே ஒரு பாம்பை வெப்பமானி வைத்து அளந்த பிறகுதான் மறுத்தவர்களின் வாய் அடைத்தது.

இனி, வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் பக்கம் வருவோம். நம்மூர் மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (ball python) வேறு கதை. அதை முறையாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்க வேண்டும். 2023இல் திருச்சி விமான நிலையத்தில் ஒரே பயணியிடம் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. பையில் அடைத்து வருகிற அந்த வியாபாரத்தை நான் மன்னிக்க மாட்டேன்.

சட்டப்படி வளர்ப்பவர்களிலும் பலர் முட்டையிட்ட அன்றே அதைப் பிடுங்கிப் பெட்டியில் வைக்கிறார்கள். அடையிருக்கும் தாய் இரண்டு மாதம் பெரும்பாலும் இரை தொடாது, இளைத்துவிடும். முட்டையை எடுத்துவிட்டால் சீக்கிரம் தேறி அடுத்த ஈட்டுக்குத் தயாராகும். கணக்கு இதுதான். மெலிந்த பாம்பு என்றால் எடுப்பது நியாயம். நல்ல உடம்போடு இருக்கும் தாயை, அடைக்கோழியை விடுவதுபோல் விட்டுவிடுங்கள். பால் பைத்தானுக்கு உதறிச் சூடேற்றத் தெரியாது. சுருளை இறுக்கியும் தளர்த்தியும் சூட்டையும் ஈரத்தையும் காக்க மட்டுமே தெரியும். ஆகவே சுற்றிலும் 30 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ராயபுரத்து மொட்டைமாடி அறைகளில் கத்திரி வெயிலில் பயப்பட வேண்டியது சூடு குறைவதற்கல்ல, கூடுவதற்கு. 34ஐத் தாண்டினால் கரு செத்துவிடலாம். கூண்டைக் கீழ்த்தளத்துக்கு இறக்குங்கள், கிண்ணத்துத் தண்ணீரை மாற்றுங்கள், சுருளைப் பிரித்து எண்ணிப் பார்க்காதீர்கள்.