தீண்டாத கையும் கேட்காத கையும்

நம் கூட்டம் ஒன்றில் தோழர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "புள்ளப் பேறு, ஆஸ்பத்திரி, ஸ்கேனு, இதெல்லாம் குடும்பப் பத்திரிகைக்காரன் எழுதறதுங்க அம்மிணி. நம்மகிட்ட பஞ்சமி நிலம் கெடக்கு, வன்கொடுமை கெடக்கு. அதை எழுதுங்க." அன்பாகத்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு, சோமனூர் பஸ் ஏறிவிட்டேன். கருமத்தம்பட்டி தாண்டும்போதுதான் வயிறு எரிந்தது. எந்த வயிறு, ஏன் எரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எனக்கு முதல் கரு பத்தாவது வாரத்தில் போய்விட்டது. எங்கள் பக்கம் 'தங்கலை' என்பார்கள். வந்த விருந்தாளிக்கு வீடு பிடிக்கவில்லை, வீட்டுக்காரி மேல்தான் குற்றம் என்கிற மாதிரியான சொல். லேசாக உதிரம் பட்டதும் ஓடினேன். உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். மறுநாள் போய்விட்டது. அப்புறம் 'சுத்தம்' பண்ணினார்கள். அருந்ததியர் சனத்தை ஊரைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒதுக்கி வைத்த ஊரில், என் வயிற்றுக்குச் செய்ததற்கும் அதே சொல்தான் கிடைத்தது.

அடுத்த வருஷம் மறுபடி நாள் தள்ளிப் போனது. சந்தோஷம் ஒரு நாள்கூட இல்லை. பாத்ரூம் போகும்போதெல்லாம் துணியைப் பார்ப்பது, கவுண்ட்டரில் பணம் எண்ணும்போது அடிவயிற்றில் ஒரு சுருக்கு வந்தால் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணுவது, இதுதான் வேலை. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் அந்த மேசைதான். போன தடவை கை உள்ளே போனது, மறுநாள் பிள்ளை போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பி.எஸ்சி. படித்தவள். ஆனால் என் உடம்பு பி.எஸ்சி. படிக்கவில்லை.

ஏழாவது வாரம் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மில்காரர் வீட்டு மருமகள் ஒருவர். "பயப்படாதீங்க கண்ணு, ஒரே நிமிஷந்தான், இப்பத் தொடறேன், வலிச்சாச் சொல்லுங்க" என்று கேட்டது. என் முறை வந்தது. என் அட்டையில் முகவரி இருந்தது. முகவரியில் 'காலனி' இருந்தது. நம் ஊரில் அந்த ஒரு சொல் சாதிச் சான்றிதழ். "ஏறிப் படு. முட்டியை மடக்கு." நான் சொன்னேன்: "மேடம், போன தடவை இப்பிடிப் பாத்த மறுநாளே போயிருச்சுங்க. வயித்து மேல வெச்சுப் பாக்க முடியுங்களா?" பதில் வந்தது: "டாக்டர் நீயா நானா? உங்க ஆளுங்க காட்டுலயே பெத்துப் போட்டுட்டுக் களையெடுக்கப் போவாங்க. நீ என்னமோ இந்தக் கூத்துப் பண்றே." சொல்லி முடிப்பதற்குள் கை வந்துவிட்டது.

என் பிள்ளை பிழைத்துவிட்டது. இப்போது பால்வாடிக்குப் போகிறாள். "அதான் நல்லா இருக்குதல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். அந்த 'அப்புறம் என்ன'வுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில் அறிவியல் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் தங்கச்சிமார் யாரும் என் கதையைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது. தெரியவரும் கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை கலைகின்றன. ஆரம்ப மாதங்களில் கலைகிறவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோமில் இருக்கும் கோளாறு. நீ படி ஏறியதால் இல்லை, குடம் தூக்கியதால் இல்லை, டாக்டர் கைவிட்டுப் பார்த்ததாலும் இல்லை. உள் ஸ்கேன் கருவி கருப்பைக்குள் நுழைவதில்லை, அதன் வாசலுக்குக் கீழேயே நின்றுகொள்கிறது. ஆறு, ஏழு வாரத்தில் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட அதில் தெளிவாகத் தெரியும். கரு குழாயில் தங்கிவிட்டால் தாயின் உயிரையே குடித்துவிடும். அதை நேரத்தோடு கண்டுபிடிப்பதற்கும் இந்தச் சோதனைதான் உதவுகிறது.

இதைச் சொல்லி முடிக்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு நிமிஷம். அந்த மேசையில் படுத்திருந்தபோது யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் என் முட்டி தானாக இளகியிருக்கும். இங்கிலாந்தில் நைஸ் அமைப்பு 2012இல் கொடுத்த வழிகாட்டுதல், உள் ஸ்கேன் வேண்டாம் என்று பெண் சொன்னால் வயிற்றின் மேல் எடுங்கள், அதில் என்னென்ன தெரியாமல் போகலாம் என்பதையும் அவளுக்கு விளக்குங்கள் என்கிறது. அப்படியென்றால் நான் கேட்டது கூத்து இல்லை, கேட்கக்கூடிய கேள்விதான். திரைக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு நிமிஷம் கிடைத்தது. இந்தப் பக்கம் கிடைக்கவில்லை. நடுவில் தொங்கிய துணிக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கிரீன் என்று பெயர். நாம் அதைச் சாதி என்று சொல்கிறோம்.

எங்கள் அவ்வா சொல்வாள். தோட்டத்து வேலைக்குப் போனால் தண்ணீரைக் கையேந்தித்தான் குடிக்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள், சொம்பு மேலே பட்டுவிடக் கூடாது. டீக்கடையில் தனிக் குவளை. எங்களைத் தொடாமலிருக்க இத்தனை ஏற்பாடு செய்த ஊர், எங்கள் உடம்புக்குள் நுழைய மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கையுறை கிருமிக்காகப் போடுவது, அதை நான் குறை சொல்லவில்லை. தீண்டாமையும் அனுமதியில்லாமல் தீண்டுவதும் எதிரெதிர் விஷயங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கையின் முன்பக்கமும் பின்பக்கமும் என்பது அந்த மேசையில்தான் புரிந்தது. இந்த உடம்பு அதற்குரியவளுக்குச் சொந்தமில்லை என்று முடிவு கட்டிய பிறகுதான் இரண்டுமே நடக்கின்றன.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. பெண்ணின் உள்ளுறுப்பைப் பார்க்கப் பயன்படும் ஸ்பெகுலம் என்கிற கருவியில் ஒரு வகைக்கு இன்றும் சிம்ஸ் என்று பெயர். ஜே. மரியன் சிம்ஸ், அமெரிக்க மருத்துவர். 1845 முதல் 1849 வரை அலபாமாவில் கறுப்பின அடிமைப் பெண்களை வைத்துத்தான், மயக்க மருந்து கொடுக்காமல், அறுவைச் சிகிச்சைகளைப் பழகினார். அவர்களில் மூன்று பேரின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது: அனார்கா, பெட்ஸி, லூசி. ஆண்டையிடம் கேட்டார்கள், அவளிடம் கேட்கவில்லை. அவருக்கு வைத்த சிலையை நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்து அகற்ற 2018 வரை ஆனது. நம் தோழர்கள் ஃபூக்கோவைக் கரைத்துக் குடித்தவர்கள். மருத்துவமனையின் பிறப்பைப் பற்றி அவர் 1963லேயே எழுதிவிட்டார் என்று மேடையில் சொல்லுவார்கள். வீட்டுக்காரம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பீடி குடிப்பார்கள். அதிகாரம் எங்கே செயல்படுகிறது தோழர்? திரைக்கு உள்ளே வந்து பாருங்கள்.

ஆஸ்பத்திரியோடு முடிகிறதா? நான் பிழைக்கிற துறையின் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வரும் பெண்ணிடம் மாதவிலக்கு எப்போது, எத்தனை முறை கருத்தரித்தாய், எத்தனை கலைந்தது என்றெல்லாம் எல்.ஐ.சி. தன் படிவத்தில் கேட்டது. அதை மறைத்தாள் என்று நீரா மாத்தூர் என்பவரை வேலையைவிட்டு நீக்கியது. 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது. 30 வருஷம் கழித்து என்ன நடந்தது? மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமானவள் 'தற்காலிகமாகத் தகுதியற்றவள்' என்று ஸ்டேட் பாங்க் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2022 ஜனவரியில் நிறுத்தி வைத்தது. அதே 2022இல் இந்தியன் வங்கியின் விதியும் இதே காரணத்துக்காகச் சந்திக்கு வந்தது. சூரத் மாநகராட்சியில் 2020 பிப்ரவரியில் பயிற்சி எழுத்தர்களான பெண்களைக் கூட்டமாக நிர்வாணமாக நிற்க வைத்து உள் சோதனை செய்தார்கள், கல்யாணம் ஆகாதவர்களிடம்கூடக் கர்ப்பம் பற்றிக் கேட்டார்கள் என்று புகார் எழுந்தது. எழுத்தர்கள்! என்னைப் போல லெட்ஜர் எழுதப் போனவர்கள்.

படித்து, பரீட்சை எழுதி, நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கே இது. தறிக் குடோனிலும் பனியன் கம்பெனியிலும் நிற்பவளுக்கு?

ஒரு நாள் என் கவுண்ட்டருக்கு ஒரு பெண் வந்தாள். தறிக்குத் தார் சுற்றும் பெண். இருபத்திரண்டு வயசு இருக்கும். பாஸ்புக்கை நீட்டி, "இதுல கெவுருமெண்ட்டுப் பணம் ஏறியிருக்குதுங்களா அக்கா?" என்றாள். ஏறியிருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் தவணை. மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டியாகவும் தருகிற திட்டம். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும். "ஏறியிருக்குது கண்ணு" என்றேன். அவள் நகரவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அது... தங்கலைங்க அக்கா. பணத்தத் திருப்பிக் கட்டோணுங்களா?"

தோழர், நீங்கள் இலக்கியத்தில் எத்தனையோ சோகம் படித்திருப்பீர்கள். நானும் நாலு கவிதை எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் ஒரு வரி கிடையாது. வயிற்றில் தங்காததற்கு அரசாங்கத்துக்குக் கடன்பட்டவளாக அவள் நின்றாள். "வேண்டாம் சாமி, ஒண்ணும் கட்ட வேண்டாம். ஒரு மாசம் ஒடம்பப் பாரு" என்றேன். "லீவு போட்டா ஆள் மாத்தீருவாங்க அக்கா. நாலாம் நாளே போயிட்டேன்" என்றாள்.

கரு கலைந்தவளுக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 1961ஆம் வருஷத்துச் சட்டமே எழுதி வைத்தது. அதிலும் ஒரு கொக்கி: உரிய சான்று காட்ட வேண்டும். போனதற்குச் சான்று வாங்க மறுபடி அதே மேசையில் ஏற வேண்டும்! சின்னக் குடோனில் நாலு பேரோடு தார் சுற்றுகிறவளைச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூலி உயர்வு கேட்டு 2022இல் இந்தப் பகுதியில் வாரக்கணக்கில் தறி நின்றபோது எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்தது, நியாயமான செய்தி. தறி ஓட்டுகிறவள் நின்றுபோனால் யார் எழுதுவது? தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்து வேலை வாங்கினார்கள் என்று 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் 100 பெண்களிடம் பேசி வெளியிட்டது. என்ன மாத்திரை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. திரைக்குள் நடந்ததும் அதுதான், தொழிற்சாலையில் நடந்ததும் அதுதான். உடம்பு அவளுடையது, தகவல் மட்டும் அவளுக்குக் கிடையாது.

இது நம் இயக்கத்தின் பிரச்சினை இல்லை என்கிறவர்கள் அம்பேத்கரை எடுத்துக்கொள்ளட்டும். பாபாசாகேபும் ரமாபாயும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கைப் பறிகொடுத்தார்கள். கடைசியாக ராஜரத்னா போனது 1926இல். இரண்டு வருஷம் கழித்து, 1928இல், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து எழுந்து நின்றவர் அவர். பிள்ளை சுமக்கும் தொழிலாளிப் பெண்ணுக்கு ஓய்வு வேண்டும், அதன் செலவை முதலாளியும் அரசாங்கமும் ஏற்க வேண்டும் என்றார். மகத் குளத்துப் போராட்டம் 1927, இது 1928. தண்ணீரும் கருப்பையும் அவருக்கு வேறு வேறு அஜெண்டாவாக இருக்கவில்லை. நமக்கு மட்டும் எப்படி ஆனது? செங்கல்பட்டுப் பக்கம் தலித் பெண்களும் சுந்தரி ரவீந்திரனும் 1981இல் ஆரம்பித்த ருவ்செக் அமைப்பு, தன் உடம்பைத் தானே தெரிந்துகொள்வதைக் கிராமத்துப் பெண்ணுக்கு அரசியலாகக் கற்றுக்கொடுத்தது. நம் மேடைகளில் அதன் பெயரை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

ஆகவே நான் கேட்பது கருணை இல்லை. ஒரு பெண் அறுவைச் சிகிச்சை மேசையில் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்ட வழக்கில் (சமீரா கோலி வழக்கு, 2008) சம்மதம் என்பது அவளுடைய சம்மதம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்ணை ஆண் மருத்துவர் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது நோயாளி உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. எழுத்தில் இருப்பதைக் காலனிக்காரிக்கும் கொடு என்கிறேன். தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறாய், ஏன் என்று சொல். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவளா என்று கேள், அவள் பயத்துக்கு ஒரு நிமிஷம் கொடு. வேண்டாம் என்றால் வேறு வழி என்ன, அதில் என்ன குறை என்று விளக்கு. 'நிறுத்துங்க' என்றால் நிறுத்து. தங்கச்சிமார்களே, நீங்களும் கேளுங்கள். "எதுக்குங்க இது?" என்று கேட்பதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம்.

தோழருக்கு ஒன்று. பஞ்சமி நிலத்தை நாம் கேட்கிறோம், எதற்காக? நம்முடையதை நம்மைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக. அவள் அந்த மேசையில் படுத்துக்கொண்டு கேட்பதும் அதைத்தான். அடுத்த முறை வேப்பமரத்தடியில் நிற்காமல் உள்ளே வாருங்கள். உள்ளே விடமாட்டேன் என்று சொன்னால், ஏன் என்று சத்தமாகக் கேளுங்கள். டீக்கடையில் அப்படித்தானே ஆரம்பித்தோம்?