தட்டினால் 'ய' விழுகிறது

பலர் கூடி எழுதித் திருத்தும் விக்கி ஒன்று தொடங்குவதென்று நண்பர்கள் கூடினார்கள். எந்தக் குறியீட்டு மொழி என்பதில் சண்டை. விக்கிப்பீடியாவின் முறைதான் உத்தமம் என்றார் ஒருவர். 2004-இல் வந்த மார்க்டவுன்தான் நவீனம் என்றார் இன்னொருவர். எழுதப் போகிறவன் எந்த விசைப்பலகையில் எழுதுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் தமிழ்99-இல் எழுதுகிறவன். விக்கிப்பீடியா முறையில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்க, இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறி வேண்டும். அந்த விசையை நான் தட்டினால் 'ய' விழுகிறது! இணைப்புக் கொடுக்கச் சதுர அடைப்பைத் தட்டினால் 'ச'வும் 'ஞ'வும் விழுகின்றன. ஒவ்வொரு குறிக்கும் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

இந்த அநியாயம் புதிதல்ல. 1995-இல் வார்டு கன்னிங்ஹாம் தொடங்கிய முதல் விக்கியில், பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒட்டி எழுதினால்தான் இணைப்பு. பெரிய எழுத்தே இல்லாத தமிழுக்கு அங்கே இடமேது?

மார்க்டவுனின் நட்சத்திரக் குறி, தமிழை விட்டு இறங்காமலே கைக்கு எட்டுகிறது. என் ஓட்டு அதற்குத்தான். சதுர அடைப்பு இரண்டு முறைக்கும் பொதுவான தொல்லை. அதற்குத் திரையில் ஒரு பொத்தான் வையுங்கள். அதுவும் முடியாதென்றால், பொது விக்கி என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.